பன்னிரண்டு மைலுக்கு உள்ளே

எதிர் வீட்டுப் பெண் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். பரீட்சை வந்துவிட்டால் மாடிப்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் பாதிச் சட்டம் மனப்பாடம். இன்று காலை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "தாழ்நீர்க் கோட்டிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை உள்ள கடல், கரையோர நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது" என்று அவள் மூன்றாவது முறையாகச் சொன்னபோது என் கை நின்றுவிட்டது. கதவைத் திறந்து, அந்தப் பன்னிரண்டை நேரில் போய் அளந்த ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை ஏன் கெடுப்பது என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியது உள்ளே நிற்கவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் எல்லாக் காகிதத்தையும் நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன், இப்போது மட்டும் என்ன புதிதாக.

நீ திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து ராயபுரத்துக்கு மீன் கூடையோடு வருவாய். என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நான் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். நம் இருவருக்கும் ஒரே வயது. என் பெயர் ரோஸ்மேரி என்று எத்தனை முறை சொன்னாலும் உனக்கு நான் டைப்புதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது வாசலில் உட்கார்ந்திருப்பாய். மற்றவர்கள் கூடையில் காரப்பொடி என்கிற பொடி மீனைத் தவிர ஒன்றும் இல்லாத நாளிலும் உன் கூடையில் சங்கரா சிவந்து கிடக்கும், அடியில் ஒரு களவா இருக்கும். எங்கே பிடித்தது என்று அம்மா சும்மா கேட்பாள். நீ ஒரு வாரம் பழவேற்காடு என்பாய், அடுத்த வாரம் கோவளம் என்பாய். இவ்வளவு கூசாமல் பொய் சொல்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அது உன் குணமல்ல, உங்கள் தொழில் முறை என்று பிறகுதான் புரிந்தது. உன் மாமனார் கண்டுபிடித்த ஒரு பார் இருந்தது. பார் என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டு. அங்கே வலை விட்டால் வேறெங்கும் கிடைக்காத மீன் வரும். அந்த இடம் உன் புருஷன் தேசப்பனுக்கும் அவன் தம்பி ஏழுமலைக்கும் மட்டும்தான் தெரியும். கடலுக்குப் பட்டா கிடையாது, யார் எங்கே வேண்டுமானாலும் வலை விடலாம். வாயை விட்டு இடத்தைச் சொன்னால் அன்றோடு அது கை விட்டுப் போச்சு. ஆகவே கரையில் எவன் கேட்டாலும் எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். கேட்கிறவனும் அதை நம்ப மாட்டான். யாருக்கும் இதில் கோபமும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது, பங்குனி மாதம். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்துவிட்ட நேரம். வடக்கிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல், அண்ணனும் தம்பியும் இருந்த கட்டுமரத்தின் மேல் ஏறிப் போனது. ஏழுமலை கத்தியிருக்கிறான், துடுப்பைத் தூக்கி ஆட்டியிருக்கிறான். மேலே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, கப்பல் நிற்கவும் இல்லை. பிரிந்துபோன மரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்த அவனை மத்தியானம் வேறு ஆட்கள் தூக்கி வந்தார்கள். தேசப்பனை மூன்றாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் கொண்டுவந்து போட்டது. உனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவள் இன்னும் பால் மறக்கவில்லை.

கப்பலின் புகைபோக்கியில் இருந்த இரண்டு வெள்ளைப் பட்டைகளை ஏழுமலை கண்ணில் வாங்கி வைத்திருந்தான். அதே பட்டையோடு அதே கப்பல் துறைமுகத்தில் கோதுமை இறக்கிக்கொண்டிருந்தது. குப்பத்துத் தலைவரான நாட்டாரோடு ஆண்கள் அத்தனை பேரும் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். அவ்வளவு பேருக்கும் முன்னால்தான் ஏழுமலையிடம் எந்த இடம் என்று கேட்டார்கள். அண்ணனைப் பறிகொடுத்த அந்த நிலையிலும் அவன் வாயில் பழக்கம்தான் வந்தது. கரை கண்ணுக்கு மறைந்துபோகிற இடம், வெளிக்கடல் என்றான். எத்தனை மைல் இருக்கும் என்றதற்கு யாரோ பதினைந்து என்றார்கள், இவன் தலையாட்டினான். அதை எழுதிக் கைநாட்டு வாங்கினார்கள். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. ஒருவரும் மறுக்கவும் இல்லை, மறுப்பது அங்கே மரியாதை இல்லை.

கப்பலை அந்த நேரத்தில் செலுத்திக்கொண்டிருந்த அதிகாரி மேல் வழக்குப் பதிவாயிற்று. நீ என்னைத் தேடி ஆபீஸுக்கு வந்தாய். எங்கள் வக்கீல் கப்பல் வழக்குகள் பார்க்கிறவர், ஆனாலும் இதைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். நீ தினமும் காலையில் கூடையோடு வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தாய். நாலாம் நாள், வழக்குக் கொடுக்க வந்த ஒரு பெரிய கட்சிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதிப் படியிலேயே திரும்பிப் போனார். அன்றைக்கே வக்கீல் உன்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அதிகாரியை நாட்டை விட்டுப் போக விடக் கூடாது என்று உன் பெயரில் ஒரு மனு தயாராயிற்று. போலீஸ் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் டைப் அடித்தேன். அதில் இருந்தபடியே பதினைந்து மைல் என்று அடித்தேன்.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் கப்பல் கம்பெனியின் வக்கீல் எழுந்து நம் மனுவையே எடுத்துப் படித்தார். நம் நாட்டுக் கடல் எல்லை பன்னிரண்டு மைல் என்று சர்க்கார் அறிவித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு உள்ளே நடப்பது நம் மண்ணில் நடந்த மாதிரி. வெளிநாட்டுக் கப்பல் அதன் வழியே தீங்கு செய்யாமல் கடந்து போகலாம், தீங்கு செய்தால் நிறுத்திக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அதற்கு வெளியே எல்லோருக்கும் பொதுவான கடல். அங்கே ஒரு கப்பல் மோதினால், அதைச் செலுத்தியவனை அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்க விடுகிறதோ அந்த நாடு விசாரிக்கலாம், இல்லையென்றால் அவனுடைய சொந்த நாடு விசாரிக்கலாம், மற்றவர்கள் தொடக் கூடாது என்று உலக நாடுகள் கூடி எழுதியிருக்கின்றன. பதினைந்து என்று விதவையே சொல்கிறாள், ஆகவே இந்தக் கோர்ட்டுக்கு இதில் வேலையில்லை என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். அவர் பேசியது சட்டப்படி சரி. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

வராண்டாவில் எங்கள் வக்கீல் இதையெல்லாம் உனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாய்.

"அப்போ நான் கூடையத் தூக்கிகினு அவன் ஊருக்குப் போயி நாயம் கேக்கணுமா?"

அப்படித்தான் என்றார். பன்னிரண்டுக்கு உள்ளே நடந்திருந்தால் என்ன என்று கேட்டாய். உள்ளே என்றால் அவன் இங்கேதான் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். அடுத்த தேதி வரை பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகு அந்த அதிகாரியைப் பிடித்து வைக்க முடியாது, கப்பலேறிப் போய்விடுவான்.

பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். ரயில் கிளம்பிய பிறகு, அது பதினைந்து இல்லை என்று மெதுவாகச் சொன்னாய். எனக்குத் தெரியும் என்றேன். சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். மீன்காரர்கள் சொல்கிற இடம் பொய் என்று ராயபுரத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? டைப் அடிக்கும்போதே விரல் தயங்கியது. எழுந்து போய் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போலீஸ் காகிதத்தில் இருப்பதை மாற்ற நான் யார் என்று அடித்து, கையெழுத்துக்கு வைத்துவிட்டேன். நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்கோ பொய் சொன்னோம், நீ அத்த ஒயுங்கா அச்சடிச்சி குட்த்த. ரெண்டு பேருமா சேந்து மாத்துவோம், வா" என்றாய்.

ராயபுரத்தில் நான் இறங்கவில்லை, உன்னோடு குப்பத்துக்கு வந்தேன். வழியில்தான் நீ மற்றதைச் சொன்னாய். அந்த இடம் உனக்கும் தெரிந்திருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே மரத்தில் போகிறவர்கள், ஒரே நாளில் இரண்டு பேருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் வரப்போகிற மருமகன்களுக்கு யார் சொல்வது என்று தேசப்பனுக்கு ஒரு பயம். குடிசை மணலில் கிளிஞ்சல்களை அடுக்கி அவன் உனக்குக் காட்டியிருந்தான். பெண்களுக்குச் சொல்லும் வழக்கம் கிடையாது, ஆகவே தம்பிக்குத் தெரியாமல் காட்டியிருந்தான்.

ஏழுமலை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னோம். முடியாது என்று ஒரே பிடியாக நின்றான். அவன் பக்கமும் நியாயம் இருந்தது. அண்ணன்தான் போய்விட்டான், பாரும் போனால் அண்ணன் பிள்ளைகள் எதைச் சாப்பிடும்? கோர்ட்டில் குப்பமே வந்து உட்கார்ந்திருக்கும், அத்தனை பேர் காதிலும் இடத்தைப் போட்டுவிட்டு நாளைக்கு எங்கே வலை விடுவது? பிள்ளைகளை வளர்க்கத்தானே இப்படிப் பேசுகிறேன் என்று உன்னிடம் கெஞ்சினான். நீ குனிந்து, கீழே கிடந்த கிளிஞ்சலில் நாலை எடுத்து, அவன் முன்னால் மணலில் ஒவ்வொன்றாக வைத்தாய்.

"கோர்ட்டுல நீ சொல்லு. நீ சொல்லலன்னா நாளிக்கு ஏலம் வுடற எடத்துல நின்னு நான் கூவுவேன். அப்போ பாரும் பூடும், கேஸும் பூடும்."

அவன் அந்தக் கிளிஞ்சல்களையே வெகுநேரம் பார்த்தான். அண்ணன் உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்று புரிந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எந்தத் தேதி என்று என்னைக் கேட்டான்.

அன்றைக்குக் கோர்ட்டில் உட்கார இடமில்லை. ஏழுமலை கூண்டில் ஏறி அடையாளங்களைச் சொன்னான். திருவொற்றியூர்க் கோபுரமும், அதற்குப் பின்னால் மணலிப் பக்கம் புதிதாக எழும்பிய புகைபோக்கியும் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். அப்பன் காலத்தில் அங்கே பனங்கூட்டம், அதை வெட்டி ஆலை வந்த பிறகு புகைபோக்கி. தெற்கே ஐகோர்ட்டு மாடத்துக் கலங்கரை விளக்கும், தூரத்தில் பரங்கிமலை உச்சியும் அதே மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்க வேண்டும். கயிற்றில் கட்டி இறக்கும் ஈயக் குண்டு பதினாலு பாகத்தில் தரை தட்டும், ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். ஐகோர்ட்டு அதுவரை உங்களுக்கு மீன் பிடிக்கத்தான் உதவியிருக்கிறது என்று எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. பிறகு பின் பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. கோபுரம், புகைபோக்கி, மாடம், மலை என்று குப்பத்து ஆண்களின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. நீயும் அதைப் பார்த்தாய். தலையைத் திருப்பிக்கொண்டு நேராக உட்கார்ந்தாய்.

வழக்குக்கு ஏற்றபடி இடத்தை மாற்றுகிறான் என்றார் கம்பெனி வக்கீல். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மாஜிஸ்திரேட் நாட்டாரைக் கூப்பிட்டு, போலீஸ் நிலையத்தில் இவன் சொன்னபோது நீர் பக்கத்தில் இருந்தீரே, நம்பினீரா என்று கேட்டார்.

"இல்ல எசமான். எங்க ஆளு எவனும் எடத்த நெஜமா சொல்ல மாட்டான். நானும் சொன்னதில்ல."

பொய் என்று தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர் என்று மாஜிஸ்திரேட் விடவில்லை. அவன் வலை விடுகிற இடத்தை அவன் வாயிலிருந்து பிடுங்க நான் யார் என்று நாட்டார் திருப்பிக் கேட்டார். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, கடலுக்குப் போய் அந்த இடத்தை இரண்டு தரப்பும் பார்க்க அளந்து வரும்படி உத்தரவு போட்டார்.

துறைமுக லாஞ்சில் அளவை அதிகாரி ஒருவர், இரண்டு வக்கீல்கள், ஏழுமலை, குறிப்பெடுக்க நான். நீயும் ஏறினாய். உங்கள் குப்பத்தில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. ஏழுமலை என்னென்னவோ முணுமுணுத்தான், நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. துறைமுகத்தைத் தாண்டி அலையில் ஏறியதும் கம்பெனி வக்கீல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தார். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். நீ முன்பக்கம் நின்று கரையையே பார்த்துக்கொண்டு வந்தாய். கோபுரம் ஒரு பக்கமும் புகைபோக்கி ஒரு பக்கமுமாக இருந்தது மெல்ல மெல்ல நெருங்கியது. கடைசியில் புகைபோக்கி கோபுரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தது. தெற்கே மாடத்துக்கு நேர் பின்னால் மலை வந்து நின்றது.

"இங்கதான். நிறுத்தச் சொல்லு" என்றாய். ஏழுமலை அப்போதுதான் வாயைத் திறக்கப் போனான்.

ஈயக் குண்டு பதினாலு பாகத்தில் நின்றது. மேலே வந்தபோது அதில் சேறு ஒட்டவில்லை, அடியெல்லாம் பாறையில் உரசிய கீறல். அதிகாரி கருவியை வைத்துக் கரை அடையாளங்களின் கோணம் பார்த்தார், வரைபடத்தில் கோடு போட்டார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தார். கடல் வற்றி நிற்கும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து ஆறரை மைல் என்றார். கம்பெனி வக்கீல் எழுந்து வந்து படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "எயுதிக்கோ டைப்பு" என்று என்னிடம் சொன்னாய், நான் எழுதினேன். பிறகு நீ விளிம்பில் குனிந்து தண்ணீரைத் தொட்டாய். தேசப்பன் கடைசியாக இருந்த இடம் அதுதான். என் கண்ணீரில் சுருக்கெழுத்து நோட்டு முழுக்க நனைந்துபோயிற்று. நீ அழவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போகலாம் என்றாய்.

சம்பவம் நடந்தது இந்தியக் கடல் எல்லைக்கு உள்ளே, விசாரிக்கும் அதிகாரம் இந்தக் கோர்ட்டுக்கு உண்டு என்று உத்தரவு வந்தது. கப்பல் அதிகாரி இங்கேயே விசாரணைக்கு நின்றான், குற்றவாளி என்று தீர்ப்பும் ஆயிற்று. தண்டனை சின்னதுதான். இதற்காகவா பாரைக் கொடுத்தோம் என்று ஏழுமலை கோர்ட் வாசலில் கொதித்தான். நானும் உள்ளுக்குள் அதையேதான் நினைத்தேன், மறைப்பானேன்.

"தேசப்பன்னு ஒருத்தன் இருந்தான், நீதான் ஏத்திக் கொன்னேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்களா இல்லியா? அத்துக்குத்தான் குட்த்தேன்" என்றாய்.

அடுத்த வாரமே பாரின் மேல் கட்டுமரங்கள் மொய்த்தன. நான் பார்க்க வந்திருந்தேன். உன் கூடையில் வழக்கமாக ஏழுமலை கொண்டுவந்து போடும் சங்கரா அன்றைக்கு எல்லோர் வலையிலும் இருந்தது. நீ ஏலத்தில் நின்று அவர்களிடம் வாங்கினாய். உன் மீனையே நீ காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஒருவனிடம் எங்கே பிடித்தது என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாய். அவன் தலையைச் சொறிந்தான், கடலைப் பார்த்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தேசப்பன் பாருலதான், அக்கா" என்றான்.

அதுவரை அதற்குக் குப்பத்தில் பெயர் கிடையாது. நீ அந்த மீனைப் பேரம் பேசாமல் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாய். அந்தக் கூடையை வைத்தே இரண்டு பெண்களையும் கரையேற்றினாய். கடைசி வருடங்களில் முழங்கால் வலித்தபோதும் விடாமல் வந்தாய், பேரம் பேசினால் என்னையும் விட்டுவைக்கவில்லை.

நீ சொன்ன மாதிரி நானும் மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் அதே ஆபீஸில் டைப் அடித்தேன். யார் வாக்குமூலத்தோடு வந்தாலும் கூட வந்தவர்களை முதலில் மாடிப்படிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவேன். இதைச் சொன்னபோது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று கேட்பேன். வக்கீல்கள் கேலி செய்தார்கள், செய்யட்டும். அதைக் கேட்காமல் நான் ஒரு வரி அடித்ததில்லை.

போன மாதம் காசிமேட்டில் மீன் வாங்கப் போயிருந்தேன். நல்ல சங்கரா கிடந்தது. எங்கே பிடித்தது என்றேன். தேசப்பன் பாரு என்றான் விற்கிறவன், செல்போனில் புள்ளி வைத்துக் காட்டினான். தேசப்பன் யார் என்று கேட்டேன். தெரியாது, அது சும்மா பேருதான் ஆயா என்றான். நான் பையைக் கீழே வைத்தேன். எந்தக் கப்பல், எந்தக் கோர்ட், யார் பொண்டாட்டி என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்துக் கடைக்காரர்களும் தராசை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். எனக்கும் முழங்கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஆனாலும் அந்தப் பெயரை யார் சொன்னாலும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். ஆறரை மைல் என்பது வரைக்கும், ஒன்றையும் மறைக்காமல்.